கொழுத்த உடலில் தாதுக் குறை ஏன்?

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை, குறைந்த தீவனத்திலேயே உடல் தேறிவிடும் கழுதையின் இயல்பை ஓரளவு பெற்றிருப்பதால், குதிரைக்குரிய அளவில் தானியம் பெற்றால் எளிதில் கொழுத்துக் குளம்பு அழற்சிக்கு உள்ளாகிறது. எனினும் எரிசக்தித் தேவை குறைகிறது என்பதனால் வைட்டமின், தாதுத் தேவையும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பி வகை வைட்டமின்களைப் பெருங்குடல் நுண்ணுயிரிகளும், சி வைட்டமினைக் கல்லீரலும் ஆக்கித் தருகின்றன. டி வைட்டமினுக்கு வெயில் உண்டு. பசும்புல்லில் நிறைந்துள்ள ஈ வைட்டமினோ புல்லை அறுத்து உலர்த்தும்போதே பெருமளவு அழிந்துவிடுவதால், மேய்ச்சலின்றி உலர்புல்லை மட்டுமே உண்ணும் விலங்குக்கு அதைத் தனியே தர வேண்டியுள்ளது.

செலினியம் என்னும் நுண்தாது மண்ணைப் பொறுத்தது: அமெரிக்காவின் பேரேரிப் பகுதி மண்ணில் அது குறைவு, தக்கோட்டாவின் சில நிலங்களில் மிகுதி. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராமே போதும். அளவு பன்மடங்கு மிகுந்தால் பிடரிமயிர் உதிர்ந்து குளம்பும் வெடிக்கும் என்பதால், உலர்புல்லைச் சோதிக்காமல் இதைச் சேர்ப்பது விவேகமன்று.

நாளுக்கு 2 கிலோ கொடுக்கும்படி வகுக்கப்பட்ட தானியக் கலவையில் 200 கிராமை மட்டும் வைத்தால், அதிலுள்ள தாதுக்களும் பத்திலொரு பங்கே கிடைக்கும். எனவே தாமிரம், துத்தநாகம் முதலியவற்றைச் செறிவாகவும் எரிசக்தியைக் குறைவாகவும் கொண்ட, சிறிதளவே தரத்தக்க குச்சித் தீவனமே ஏற்றது. சோடியத்துக்குச் சாதாரண உப்புக்கட்டி போதும்.