நந்தன் சரித்திரமும் நாற்பது வேலி நிலமும்

கருநாடக இசையுலகிற் கீர்த்தனைகளைப் பற்றி வழங்கும் கதைகள் பெரும்பாலும் தனிமனித மேதைமையை வியப்பன. கோபாலகிருஷ்ண பாரதியார் தியாகராசரைக் காணச் சென்றபோது, ஆபோகி இராகத்தில் ஏதேனும் இயற்றியதுண்டோ என அவர் வினவினார் என்றும், மறுநாளே பாரதியார் அவ்விராகத்திற் சிதம்பரநாதர் மீது ஒரு கீர்த்தனையைப் பாடிக்காட்டினார் என்றும் கூறுவர். சுவையான கதைதான். ஆயினும் அவரது தலையாய ஆக்கமாகிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள இத்தகைய கதைகள் உதவா. அதற்குத் தஞ்சை வயல்களுக்கே செல்லவேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டை எவரும் இலர். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார், தமது குலத்தொழிலுக்குரிய மானியத்தைக் கொண்டு சீவித்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் வழங்குகிறார். இசைக்கருவிக்கு மூலப்பொருள் தருபவர், அக்கருவி ஒலிக்கும் இடத்தினுள் நுழைய முடியாதவர். சேக்கிழார் இம்முரணை விரித்துரைக்கவில்லை, ஆனால் மறைக்கவுமில்லை.

பாரதியார் செய்த மாற்றம் அடிப்படையானது. அவர் வேதியர் ஒருவரைப் படைத்து, நந்தனை அவரது பண்ணையாளாக்கினார். சிதம்பரம் செல்ல உத்தரவு வேண்டுமாயின் நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுவடை செய்து முடிக்கவேண்டும் என்பது வேதியர் விதிக்கும் நிபந்தனை. புராணத்திற் சாதித்தடையாக மட்டும் இருந்தது இங்கு உழைப்பின் மீதான ஆதிக்கமாகவும் உருப்பெறுகின்றது. நந்தனைத் தடுப்பது தில்லையின் மதில் மட்டுமன்று. அதற்கு முன்னரே வயலின் வரப்பு தடுத்துவிடுகின்றது.

இம்மாற்றத்தைக் கற்பனை வளம் என்று கூறி அமைதல் போதாது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் ஆகிய காவிரிப்படுகை ஊர்களில் வாழ்ந்தவர் பாரதியார். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்கிருந்த சட்ட ஏற்பை நீக்கியபோதிலும், கடனாலும் குடியிருப்பு மனையாலும் பிணிக்கப்பட்ட பண்ணையாள் வாழ்வு அப்பகுதியில் நீடித்தது. பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பளிக்கும் தனிச்சட்டம் தஞ்சைக்கு 1952இலேயே வந்தது என்பது நோக்கற்பாலது. பிராமணராகிய பாரதியார் நிலவுடைமையாளர் நிறைந்த அவ்வூர்களின் ஆதரவிலேயே வாழ்ந்தார். எனினும் கண்முன் நிகழ்ந்ததை அவரது கலையுணர்வு தவிர்க்கவில்லை.

நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்கப்பட்டது. இலக்கண வழுக்களையும் பெரியபுராணத்தினின்று விலகியமையையும் எண்ணி அவர் தயங்கினார். நாடோறும் வந்து காத்திருந்த பாரதியார் ஒருநாள் திண்ணையிலிருந்து தம் பாட்டையே பாட, பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் அளித்தாராம். பிள்ளையின் மாணாக்கரும், இளமையிற் பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவருமான உ.வே. சாமிநாதையர் வழி நாம் அறியும் செய்தி இது. பக்தியின் வெற்றியாகவே இதனை எடுத்துரைப்பர். மடத்துப் புலமை மரபு பேச்சுமொழிக்கும் சிந்து, கண்ணி முதலிய மக்கள் வடிவங்களுக்கும் வழிவிட நேர்ந்த தருணம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் இடையே நிகழும் வாக்குவாதத்தை இலக்கணச் சுத்தமான விருத்தத்திற் பாடியிருந்தால் எவர் நம்புவர்?

எனினும் பாரதியாரின் எல்லை தெளிவானது. நாற்பது வேலியும் ஓரிரவில் இறையருளால் விளைந்துவிடுகின்றது. வேதியர் நந்தனின் பெருமையுணர்ந்து பணிகின்றார். முரண்பாட்டைக் கூர்மையாகக் கண்ட கலைஞன் அதனை அற்புதத்தால் அவிழ்க்கின்றான். நந்தன் தீயில் மூழ்கி, மறையவர் கோலத்துடன் எழுந்த பின்னரே தில்லையின் உள்ளே செல்கின்றான் என்னும் புராண முடிவும் மாற்றமின்றித் தொடர்கின்றது. சாதியை அழிக்காது சாதிக்குரியவனை மாற்றும் தீர்வு அது.

கதாகாலட்சேபத்திற்கென ஒரே தொடர்ச்சியாக அமைந்த இவ்வாக்கத்தைக் கச்சேரி மேடை தனிக் கீர்த்தனைகளாகப் பிரித்தெடுத்தது. மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ இன்று சபைகளில் உருக்கமாகப் பாடப்படுகின்றது. கதையில் அது தீண்டாமையால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவனின் கேள்வி. மேடையில் இறைவனை நோக்கிய பொதுவான ஏக்கம். வேதியரிடம் நந்தன் உத்தரவு கேட்டு நிற்கும் பகுதிகளோ அங்கு அரிதாகவே கேட்கக்கிடைக்கின்றன. பாடுவோரை மட்டும் இதற்குக் குறைகூறுதல் நேர்மையன்று. கட்டணம் செலுத்திக் கேட்க வந்த வர்க்கத்தின் சுவையும் இத்தெரிவிற் பங்குகொண்டது. (மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்திற்குத் தோல் பதப்படுத்துவோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா நூலெழுதியது 2020இலேதான்.) இடையில், 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்கள் கதையை முழுமையாகப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றன.

யாழ்ப்பாணமும் நந்தன் கதையை அறியாததன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது அவர்களைத் தடுத்து நின்றோருள்ளும், நந்தனார் கீர்த்தனைகளைக் கேட்டு உருகியோர் இருந்திருப்பர்.