ஒப்பியல் நோக்கில் மெய்யியல் வரலாறு – 9: எதிராளிகளின் ஏட்டில் ஆசீவகம்

தன் மூலநூல்களையெல்லாம் இழந்துவிட்ட ஒரு மெய்யியல் பள்ளியின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு, அதனை மறுத்தவர்களின் நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதே முதன்மையான வழி. அனைத்தும் ஊழின்படியே நிகழ்கின்றன என்று கற்பித்த ஆசீவகத்தின் நிலை இதுவே. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, சமண நூலான நீலகேசி, 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம், அதாவது பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பகுதி, ஆகிய மூன்று தமிழ் நூல்கள் இப்பள்ளியைப் பற்றிப் பேசுகின்றன.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலைக்கு, ஆசீவகன் தன் தலைவன் மற்கலியின் நூற்பொருளை விளக்குகிறான். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணு ஐவகைப்படும் என்றும், அவை புதிதாகத் தோன்றுவதும் அழிவதும் இல்லை, கூடியும் பிரிந்தும் மட்டுமே உலகப் பொருள்களாகின்றன என்றும், பேறும் இழப்பும் இன்பமும் துன்பமும் கருவுற்ற பொழுதே அமைந்துவிடுகின்றன என்றும் அவன் கூறுகிறான். பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான சாமஞ்ஞபல சுத்தமோ ஊழ்க்கொள்கையை மக்கலி கோசாலருக்கும் (மணிமேகலையின் மற்கலி), அழியாத ஏழு பொருள்கள் பற்றிய கொள்கையைப் பகுத கச்சாயனருக்கும் உரியனவாகப் பிரித்துக் காட்டுகிறது. வடக்கே இருவருக்குரியனவாகச் சொல்லப்பட்டவை தெற்கே ஒரே பள்ளியின் கொள்கையாக இணைந்து நிற்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே உணர முடியும். ஏ.எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆசீவகர் வரலாற்று நூல், இத்தமிழ்ச் சான்றுகளையும் பயன்படுத்தியது.

ஒன்றையொன்று கடுமையாக மறுத்த மூன்று சமயங்கள் நான்காவது ஒன்றைப் பற்றி ஒத்த செய்தியைச் சொன்னால், அச்செய்திக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் பிந்திய நூல் முந்தியதைப் பார்த்து எழுதியதா என்பதையும் ஆராய்ந்த பின்னரே அதனை ஏற்க வேண்டும். எதிராளியின் கூற்றாக எழுதப்படுவது, மறுப்பதற்கு எளிதான வடிவில் செதுக்கப்பட்டிருக்கவும் கூடும்.

இவ்விவாதங்கள் ஏட்டளவில் நின்றவை அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனியை அடுத்த ஐவர்மலையில், சாந்திவீரக்குரவர் என்னும் சமணத் துறவி பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்த செய்தியைச் சகம் 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நீலகேசியின் வாதங்களுக்குப் பின்னிருந்த சமணம் இம்மண்ணில் வாழ்ந்த சமயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் 1898இலும், நீலகேசியை அ. சக்கரவர்த்தி 1936இலும் பதிப்பித்த பின்னரும், இவை பெரும்பாலும் இலக்கிய வகுப்புகளிலேயே படிக்கப்படுகின்றன. இவ்விரு நூல்களின் ஆசீவகப் பகுதிகளும் பரபக்கத்தின் ஆசீவகப் பகுதியும் ஒருசேர மெய்யியல் வகுப்புகளில் பாடமாக வேண்டும்.