தங்கமீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாங்கி வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. துள்ளித் திரிந்த தங்கமீன் துடுப்பை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு தொட்டியின் மூலையில் கிடக்கும். இல்லையென்றால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிள்ளைகள் அழுவார்கள். பெரியவர்கள் கடைக்குப் போய் ஏதோ ஒரு நீல மருந்தை வாங்கி வந்து ஊற்றுவார்கள். அடுத்த நாள் மீன் மிதக்கும். கலசப்பாக்கம், போளூர், ஆரணி என்று நம் பக்கத்து ஊர்களில் புதிதாக மீன் வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. "இந்த மீனுக்கு ஆயுசே அவ்வளவுதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

அது உண்மையில்லை. இங்கிலாந்தின் தெர்ஸ்க் நகரில் ஒரு வீட்டில் வளர்ந்த 'டிஷ்' என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் மூன்று வாரத்தில் சாகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு அது நீந்தும் தண்ணீரில்தான்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் தன் உடலின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. தொட்டி பழகிவிட்டால், ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிய நல்ல பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். இந்தக் கூட்டம் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அது இருக்காது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கும்.

தண்ணீரின் காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நச்சான பகுதி ஏறக்குறைய 10 மடங்காகிறது. சூடு ஏற ஏற இன்னும் கூடும். கிண்ணம் போன்ற சின்னக் கண்ணாடிக் குடுவைகள் ஆபத்தானவை என்பது இதனால்தான். இத்தாலியின் ரோம் நகரம் 2005-இல் உருண்டைக் குடுவையில் தங்கமீன் வளர்ப்பதையே தடை செய்தது. ஒரு மீனுக்கு 60 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

முதல் நாள் வைத்தியம்

மீன் சோர்ந்தவுடன் இரை போடுவதை நிறுத்துங்கள். நல்ல உடம்புள்ள தங்கமீன் சில நாள் பட்டினியைத் தாங்கும்; அழுகும் இரையைத் தாங்காது. தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஏர் பம்ப் ஓயாமல் ஓடட்டும். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூர்க் கடைகளில் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம். மீன் வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுவது நல்லது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பதற்றத்தில் பலர் தொட்டியையே காலி செய்து, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். அதோடு நல்ல பாக்டீரியாவும் போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிந்து போட்டால் போதும்.

நம்மூர்த் தண்ணீர், நம்மூர் வெயில்

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். நமக்கு அது நல்லது. மீனின் செவுளை அது அரித்துவிடும். அகன்ற பிளாஸ்டிக் வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டைப் பயன்படுத்தலாம். செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ மீனுக்கான தண்ணீரை வைக்கவே கூடாது, தாமிரம் மீனுக்கு நஞ்சு.

போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் தங்கமீன் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. இரவு முழுவதும் காற்று விட்டுப் பிறகு ஊற்றுங்கள். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பது சரியில்லை. தாதுக்கள் இல்லாததால் பி.எச். திடீரெனச் சரியும்.

தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்பும் இனம். 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கினால், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால் மீன் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றைக் கோடைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

கல் உப்பு

தொடக்கக்காரர் நம்பிக் கையாளக்கூடிய மருந்து நம் அடுப்படியிலேயே இருக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு. 60 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம். தனியே கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நைட்ரைட் ஏறிய தொட்டியில் இது உயிர் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் இடம் பிடித்துக்கொள்வதால், இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைக்கும் நைட்ரைட் உள்ளே புகுவது குறைகிறது. உப்பு ஆவியாகாது. எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்களோ அதற்கு மட்டுமே மறுபடி உப்புப் போடுங்கள். செடி உள்ள தொட்டியானால் மீனைத் தனி டப்பில் வைத்துச் செய்யுங்கள்.

சாயப்பட்டறையும் மீன் மருந்தும்

பட்டு நெய்யும் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மீன் மருந்தாக விற்கும் மெத்திலின் புளூ, 1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ துணிச் சாயமாக உருவாக்கியது. மாலகைட் கிரீனும் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் சாயம்தான். இரண்டும் சாயம்தானே என்று பட்டறைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். துணிக்கான மாலகைட் கிரீனில் துத்தநாகம் கலந்திருக்கலாம். அது மீனைக் கொன்றுவிடும். மீனுக்கென விற்பது துத்தநாகம் நீக்கியதாக இருக்க வேண்டும், அதையும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். உணவுக்கு வளர்க்கும் மீன்களில் மாலகைட் கிரீனைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்திருக்கின்றன. சாயம் கலக்கிய வாளியையும் மீன் பக்கம் கொண்டு வராதீர்கள்.

மெத்திலின் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். அதனால்தான் தண்ணீரைச் சோதிக்காமல் நீல மருந்து ஊற்றிய தொட்டிகளில் மீனின் நிலை மோசமாகிறது.

வெண்புள்ளி, கவிழ்தல், வீக்கம்

உப்புக்கல் தூவியது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும் வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. கீழே உதிர்ந்து, பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். எனவே உப்பைப் படிப்படியாக லிட்டருக்கு 3 கிராம் வரை ஏற்றி, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் விடாமல் தொடர வேண்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்துவதால்தான் அது திரும்பி வருகிறது.

உருண்டை உடம்புள்ள ஒராண்டா, ரியூகின் வகைகள் கவிழ்ந்து மிதந்தால் பெரும்பாலும் செரிமானக் கோளாறு. இரண்டு நாள் பட்டினி போட்டு, தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுங்கள். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் சிறுநீரகம் பழுதாகியிருக்கும், பிழைப்பது அரிது. அந்த நிலையில் வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது பெருந்தவறு. தண்ணீர்ச் சோதனை அளவுகளையும் மீனின் படத்தையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனங்களிலும் விசாரிக்கலாம்.

வீட்டார் கவனத்துக்கு

கொசுவர்த்திப் புகையும் கொசு மருந்து ஸ்பிரேயும் மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதை மறக்காதீர்கள். தொட்டி உள்ள அறைக்குக் கொசுவலையே பாதுகாப்பு.

கையில் காயத்தோடு தொட்டிக்குள் கை விடக் கூடாது. மீன்தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, காயம் வழியே புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். தொட்டி சுத்தம் செய்தவர் கையில் வாரக்கணக்கில் புண் ஆறவில்லை என்றால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நோயுற்ற மீனைப் பாவம் பார்த்து ஏரியிலோ கோயில் குளத்திலோ செய்யாற்றிலோ விடாதீர்கள். அதன் ஒட்டுண்ணி அங்குள்ள நாட்டு மீன்களுக்குப் பரவும். இறந்துவிட்டால் மண்ணில் புதையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதித்துப் பார்க்கும் வரை, அந்தத் தொட்டிக்கு வேறு மீன் வாங்காதீர்கள்.