எண் பெரிதானால் போதுமா?

விலை உயர்ந்த மானிட்டர் வாங்கியும் கம்ப்யூட்டர் விளையாட்டு திக்கித் திணறுவது ஏன்?

தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு - எந்தச் சந்தையானாலும் மானிட்டர் வாங்கப் போகிறவர் காதில் விழுவது ‘144 ஹெர்ட்ஸ்’, ‘240 ஹெர்ட்ஸ்’ என்ற எண்கள்தான். எண் பெரிதானால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது நம்பிக்கை. அது பாதி உண்மை.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரைக்குச் சுமார் 7 மில்லி விநாடி. ஆனால் படங்களை வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு இந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. வெற்று மைதானம் என்றால் விரையும்; வெடியும் புகையும் வந்தால் தடுமாறும். திரை பாதி புதுப்பித்த நிலையில் அடுத்த படம் வந்துவிட்டால், மேலே பழையது, கீழே புதியது என்று காட்சி கிழிகிறது.

இதற்குப் பழைய வைத்தியம் ‘வி-சிங்க்’. திரை தயாராகும்வரை கார்டைக் காத்திருக்க வைப்பது. கிழிசல் மறையும். ஆனால் மவுஸை அசைத்தால் காட்சி தாமதமாகத் திரும்பும். கார்டு ஒரு சுற்றைத் தவறவிட்டால் பழைய படமே மீண்டும் வரும். திக்கல் அங்கேதான் பிறக்கிறது.

2013ல் என்விடியா ‘ஜி-சிங்க்’ மூலம் முறையையே தலைகீழாக்கியது: கார்டின் வேகத்துக்குத் திரை ஆடட்டும். ஆனால் மானிட்டருக்குள் தனிச் சாதனம் தேவைப்பட்டதால் விலை எகிறியது. 2014ல் வெசா அமைப்பு இதே வசதியை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. அதை வைத்து ஏஎம்டியின் ‘ஃப்ரீசிங்க்’ மானிட்டர்கள் 2015ல் மலிவாக வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் இத்தகைய மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்தது.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: ஒத்திசைவு எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை? 48 முதல் 144வரை என்றால், கார்டு 40 படங்களுக்கு இறங்கினாலும் ஒவ்வொன்றையும் இருமுறை காட்டிச் சமாளிக்க இடமுண்டு. 48 முதல் 75வரை என்றால் அதற்கு வழியில்லை.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. புது மானிட்டரை விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்ற வேண்டும். மானிட்டர் மெனு, கார்டின் மென்பொருள் இரண்டிலும் ஒத்திசைவை இயக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆட்டத்துக்கு 140 என்று வரம்பு கட்டினால் ஒத்திசைவு எல்லை தாண்டாது.

கார்டு 70 படங்களைத் தாண்டாது என்றால் 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி வீண். அதைக் கார்டில் போடுவதே கெட்டிக்காரத்தனம்.