ஊர் யாருக்கு உரியது?

உதகமண்டலத்து அரசு கலைக் கல்லூரிக்குச் செல்லும்போதெல்லாம், அங்குள்ள பழைய கல் மாளிகையின் முன் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், தோதவர்களின் எருமைகள் மேய்ந்த நிலத்தில் 1822-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய வீடு அது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய மாளிகையும் அதுவே. 1955-ல் தோன்றிய கல்லூரி இன்று அங்கே நடைபெறுகிறது. கலெக்டர் ஏறிய படிகளில் இன்று தேயிலை பறிப்பவரின் மகளும் ஏறுகிறாள்.

ஆளவந்தவர்கள் தமக்கென அமைத்த ஊரை, விடுதலை பெற்ற மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொள்வது? மாணவ நண்பர்களே, இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. கென்யா நாட்டுத் தலைநகரான நைரோபி, 1899-ல் ரயில்பாதை போடுவோரின் முகாமாகத் தொடங்கிய ஊர். அங்கே உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளில் வெள்ளையர் வாழ்ந்தனர். ஆப்பிரிக்கத் தொழிலாளர் கிழக்கே தாழ்ந்த சமவெளியில் ஒதுக்கப்பட்டனர். 1963-ல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் வீதிகளும் வீடுகளும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை அல்லவா? ஆகவேதான் ஆப்பிரிக்கக் கட்டிடக்கலை அறிஞர்கள், உழைப்போர் யாவருக்கும் இடந்தரும் நகரை அமைப்பது எங்ஙனம் என்று ஆராய்ந்து வருகின்றனர்.

நம் மலையிலும் இதே அமைப்பைக் காணலாம். எஸ்டேட்டில் மேட்டின்மேல் துரை பங்களா. சரிவில் வரிசையாக லைன் வீடுகள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய நன்மைதான். ஆனால் அவ்வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும்.

1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக, 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுக்கு வேலை கிடைத்தது. குடியிருக்க லைன் வீடும் கிடைத்தது. ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் முதுமையில் மீண்டும் ஒருமுறை இடம் பெயர வேண்டுமா? தமக்கென ஒரு மனையை விரும்பும் அவர்கள் கேட்பது சலுகையன்று; ஊரில் உரிமையுள்ள ஓர் இடம்.

உங்கள் ஊரின் வரைபடத்தை ஒருநாள் விரித்துப் பாருங்கள். தெருவைக் கூட்டுவோரும் வீடுகளைக் கட்டுவோரும் அதில் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். நகர அமைப்பு என்னும் கல்வி அங்கிருந்தே தொடங்குகிறது.