இன்சுலினுக்கு இணங்காத உடல்

கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள பண்ணைக்காடு, நிழல்மரங்களின் கீழே காபியும் அதன் ஊடே மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். சரிவில் ஏறியிறங்கிப் பழம் பறிப்பதும் மூட்டை சுமப்பதும் அங்கு வழக்கமான வேலை என்பதால், சர்க்கரை நோய் நகரத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் இத்தகைய ஊர்களில் எளிதில் வேரூன்றிவிடும். ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இவற்றுள் முந்தைய நிலை மட்டும் கிராமங்களைவிட நகரங்களில் கூடுதலாக இல்லை என்பதையும் அது காட்டியது. அந்நிலையின் முக்கிய வேர்களுள் ஒன்று, ‘இன்சுலின் எதிர்ப்பு’ எனப்படும் உடல் மாற்றமாகும்.

உணவிலுள்ள மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்ததும், கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. தசைகள் குளுக்கோஸை உள்வாங்குவதும், கல்லீரல் தன் பங்குக்குக் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதும் அந்த ஹார்மோனின் தூண்டுதலால்தான். தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு மிகும்போது இத்தூண்டுதல் வலுவிழக்கிறது. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரப்பதால், இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் இயல்பாகவே இருந்துவரும். கணையம் களைத்துப்போகும்போதுதான் சர்க்கரையின் அளவு உயர்கிறது. இன்சுலினுக்கு நன்கு இணங்கும் நோயாளிகளும் இணங்காத நோயாளிகளும் உண்டு என்று 1936-இல் பிரிட்டன் மருத்துவர் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் பிரித்துக் காட்டினார். 1988-இல் அமெரிக்க அறிஞர் ஜெரால்ட் ரீவன், இந்த இணங்காமையே இரத்த அழுத்தத்தையும் இரத்தக் கொழுப்புக் கோளாறுகளையும் இதயநோயையும் ஒரே சரட்டில் கோக்கிறது என விளக்கினார்.

இந்தியர்களிடம் இந்நிலை மெலிந்த தோற்றத்துக்குள்ளும் மறைந்திருக்கும். கைகால் ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து தசை குறைந்திருப்பது இங்கு மிகுதி என்பதால், எடையைவிட இடுப்பளவே நம்பகமான அறிகுறியாகிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டியுடன் மாதவிலக்கு தவறுவது, கல்லீரலில் கொழுப்பு படிவது ஆகியவையும் இதனோடு தொடர்புடையவை.

இந்நிலை நீரிழிவாக முற்றுவதைத் தடுக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று சென்னையிலேயே உண்டு. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாக, நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடந்து, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்த பிரிவில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற பிரிவிலும் ஏறத்தாழ அதே பலன்தான் கிடைத்தது. நடையும் உணவும் மாறியவர்களுக்கு உடல் எடை குறையாத நிலையிலேயே இந்தப் பயன் கிட்டியது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது.

இதற்கான விளக்கம் தசையில் இருக்கிறது. இயங்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை உழைத்தபின் இன்சுலினுக்கு இணங்கும் திறனும் அதில் கூடுகிறது, ஆனால் அது ஓரிரு நாள்களில் தணிந்துவிடும். ஆகையால், பறிப்புக் காலத்தின் கடும் உழைப்பு ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்குக் காப்பாக நிற்பதில்லை. பைக்கிலும் ஜீப்பிலும் தோட்டத்துக்குப் போய்வருவோர்க்கு, சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடையும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

உணவிலும் அளவே முதன்மையானது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும் மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் பயனில்லை என்றும் 2025-இல் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. எனவே சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பீன்ஸ், சௌசௌ, கீரை, பருப்பு, முட்டை, மோர் ஆகியவற்றைக் கூட்டுவது பொருத்தமானது. அருகிலுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தனி ரகமே வெளியிட்ட பட்டர் ஃப்ரூட்டை, சர்க்கரை சேர்க்காமல் உண்பது நல்லது; மலைவாழையையும் அளவோடு உண்ணலாம். குளிருக்குப் பலமுறை காபி குடிப்போர், ஒவ்வொரு குவளையிலும் சேரும் சர்க்கரையைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

முப்பது வயது கடந்தோரும், குடும்பத்தில் நீரிழிவு உள்ளோரும், கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடியிருந்த பெண்களும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை செய்துகொள்வது நலம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பின் அது முந்தைய நிலை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் உணவைப் பெரிதும் குறைக்கலாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே பரிசோதனையைக் கொண்டுவந்திருக்கும் நிலையில், நோய் முற்றும்வரை காத்திராமல், கணையத்துக்கு இன்னும் வலு இருக்கும்போதே செயலில் இறங்குவதே அறிவுடைமை.