தொட்டால் மட்டும் போதுமா?



சுவர் இதழுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எழுதப் போவதில் முதல் பாதியில் செல்போன் வரும். தமிழம்மா கோபப்பட வேண்டாம். இரண்டாம் பாதியில் கபடி வந்துவிடும்.

என் பெரியம்மா மகன் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்னைக்கு எங்க வீட்டு மாடிப்படியில உட்கார்ந்து ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுவார். (பழைய ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். இது மேக்ஸ்.) ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய 50 பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். நாலு நாலு பேர் ஒரு அணி. தீவைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். கடைசி வரை உயிரோடு இருக்கும் அணிதான் ஜெயித்தது. எல்லாமே பொம்மைத் துப்பாக்கி, நிஜம் இல்லை. காசு கட்டி ஆடுகிற ஆட்டமும் இல்லை. அந்த மாதிரி ஆட்டங்களுக்கு 2025-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டுத் தடை செய்துவிட்டார்கள்.

ஒரு நாள் அண்ணன் கூட்டாளி ஒருத்தர் வரவில்லை. அம்மா போனைக் கொடுத்து என்னை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். எனக்குச் சாகப் பயம். ஒரு வீட்டுக்குள்ளே போய்க் கதவோரமாகக் குந்திக்கொண்டேன். வெளியே டப் டப் என்று சத்தம். நான் வரவே இல்லை. அண்ணன் கத்தினார்: "இன்னா பாப்பா, ஒளிஞ்சு புடிச்சா ஆடுற? நாங்க மூணு பேரு நாலு பேரோட சண்ட போட்டுனு இருக்கோம்!"

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் குதித்ததும் எதிரியைப் பார்த்து நான்தான் முதலில் ஓடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காலி. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பவும் நாங்க மூணு பேருதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒளிஞ்சிருந்தாலும் மூணு பேர், செத்துப்போனாலும் மூணு பேர். அணிக்கு இரண்டும் ஒண்ணுதானா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரீ ஃபயர் போட்டிகளில் பாயின்ட் கொடுக்கும் முறை இப்படி இருக்கும். முதல் இடம் வந்தால் 12, இரண்டாம் இடம் 9, மூன்றாம் இடம் 8, அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும். ஆறாம் இடத்துக்கு 5. பதினொன்றாம் இடத்துக்கு ஒன்றும் இல்லை. இது போக வீழ்த்திய ஒவ்வொரு ஆளுக்கும் 1. இப்போது நாலு அணியைப் பாருங்கள். ஒரு அணி யாரையும் சுடாமல் ஒளிந்தே இருந்து இரண்டாம் இடம் வந்தது, 9 பாயின்ட். ஒரு அணி ஆரம்பத்திலேயே பாய்ந்து 6 பேரை வீழ்த்திவிட்டு பதினொன்றாம் இடத்தில் செத்தது, வெறும் 6. இன்னொரு அணி 5 பேரை வீழ்த்தி ஆறாம் இடம், 10. மற்றொன்று 4 பேரை வீழ்த்தி மூன்றாம் இடம், 12. ஒளிந்தவர்களைவிட ஆறாம் இடம் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள்! ஆனால் பாய்ந்து பாய்ந்து செத்தவர்கள்தான் எல்லாருக்கும் கீழே.

அண்ணன் சொல்லிக் கொடுத்தது இரண்டுதான். சுடுவதற்கு முன்னாடி திரும்பி வந்து ஒளிய ஒரு இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளணும். இடம் இல்லாவிட்டால் குளூ வால் என்கிற சுவரையாவது கையில் வைத்திருக்கணும். இரண்டாவது, கூட்டாளி எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் யார் மேலேயும் போகக் கூடாது. ஒருத்தரை விழவைத்த சந்தோஷத்தில் ஓடிப் போனால் பக்கத்தில் இருக்கிற அவருடைய கூட்டாளி நம்மை விழவைத்துவிடுவார். இது எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமையில் நல்லாவே புரிந்துவிட்டது.

புரிந்து என்ன செய்ய? கபடி மைதானத்தில் போய் அதே தப்பைத்தான் பண்ணினேன்.

ஆகஸ்ட் மாதம் குறுவட்டப் போட்டி நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் பெண்கள் அணி தோற்றது உங்களுக்குத் தெரியும். எப்படித் தோற்றது என்று சிலருக்குத்தான் தெரியும். ஏறக்குறைய நாலு நிமிஷம் பாக்கி. நாம் 21, அவர்கள் 18. நம் பக்கம் உள்ளே நாலு பேர். கேப்டன் அக்கா அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தார், திரும்பி வரும் வரிசையில் முதல் ஆள். நான் ரெய்டு போனேன். இடது கார்னர் கை நீட்டினாள், அவள் விரலைத் தட்டிவிட்டேன். நல்லாப் பட்டது. எனக்குப் பின்னாலே நடுக்கோடு வரைக்கும் யாருமே இல்லை. திரும்பி இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும்.

நான் திரும்பவில்லை. கவரில் நின்றவள் தடுமாறினாள், அவளையும் தொட்டுவிடலாம் என்று உள்ளே போனேன். வலது கார்னர் கணுக்காலைப் பிடித்தாள். அப்புறம் ஆறு பேர் மேலே.

இங்கேதான் கபடி செல்போன் ஆட்டத்தைவிடக் கண்டிப்பானது. போனில் ஒருத்தரை வீழ்த்திவிட்டு நாம் செத்தாலும் அந்த 1 பாயின்ட் நமக்கு உண்டு. கபடியில் எத்தனை பேரைத் தொட்டாலும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தால்தான் தொட்டது கணக்கு. வராவிட்டால் தொட்டது தொட்டதே இல்லை. நான் தொட்ட விரல் காற்றோடு போய்விட்டது.

திரும்பி வந்திருந்தால் 22-18. அவர்களில் ஒருத்தி வெளியே. ஒரு பாயின்ட் எடுத்தால் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம், அதனால் அக்கா உள்ளே, நாம் ஐந்து பேர். மாட்டிக்கொண்டதால் 21-19, நாம் மூணு பேர். ஒரே ரெய்டில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்கள் ரெய்டில் ஒருத்தி போனாள், 21-20. நம் ரெய்டு வெறும் ரெய்டு. அடுத்து அவர்கள் ரெய்டில் மிச்சம் இருந்த இரண்டு பேரும் பிடிக்கப் போய்ப் பிடி நழுவிவிட்டது. இரண்டு பாயின்ட், அதோடு ஆல் அவுட் ஆனதற்கு லோனா இரண்டு பாயின்ட். 21-24. ஏழு பேரும் எழுந்து உள்ளே போனோம். அக்கா போய் ஒரு போனஸ் எடுத்தார், 22-24.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். அவர்கள் ரெய்டர் வந்தாள், கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள், "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே அங்கேயும் இங்கேயும் நடந்தாள். யாரையும் தொடவில்லை. 30 செகண்ட் முடிகிற நேரத்தில் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த முறையும் அதே. விசில் அடித்துவிட்டார்கள். முன்னிலையில் இருந்தபோது நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

கணக்கு இதுதான். ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட். நாலு நிமிஷம் என்றால் 240 செகண்ட். இரண்டு பக்கமும் முழு நேரம் எடுத்தால் மொத்தம் 8 ரெய்டு, நமக்கு 4. மூணு பாயின்ட் முன்னால் இருக்கிறவர்களுக்கு அந்த நாலில் ஒரு தொடுதல் போதும், மிச்சத்தில் நேரத்தைச் சாப்பிட்டால் போதும்.

அப்படியானால் ஆட்டம் முழுக்க நேரத்தைச் சாப்பிடலாமே என்று 8-ஆம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். முடியாது தம்பி. சும்மா நடுக்கோட்டுப் பக்கத்தில் நின்று பாடிவிட்டு வந்தால் போனவர் அவுட். யாரையும் தொடாவிட்டால் பாக் லைன் என்கிற கோட்டையாவது தாண்டணும். பெண்கள் ஆடுகளத்தில் அது நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர். அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது அதைத் தாண்டி வந்தால், யாரையும் தொடாமலேயே 1 பாயின்ட். டிவியில் வரும் புரோ கபடியில் இன்னும் கடுமை. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூணாவது ரெய்டில் பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லையென்றால் போனவர் அவுட். செல்போனில் வட்டம் சுருங்குகிற மாதிரி இது. ஒளிகிறவரை விதியே பிடித்து வெளியே தள்ளுகிறது.

பிடிக்கிற பக்கத்துக்கும் இதே கதைதான். நம் அணியில் ரெய்டர் வந்ததும் யாராவது ஒருத்தி தனியாகப் பாய்வாள். (பெயர் எழுதவில்லை, அவளே படித்துச் சிரிப்பாள்.) கார்னர் காலைப் பிடிக்கும் அதே நொடியில் கவர் இடுப்புக்கு வரணும். வராவிட்டால் பிடித்தவள் பாயின்டைக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதனால்தான் கையைக் கோத்துக்கொண்டு செயினாக நிற்கிறோம். பி.டி. மிஸ் தினமும் கத்துவது இதைத்தான்.

சினிமாவில் ஹீரோ கடைசி ரெய்டில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுவார், நாம் விசில் அடிப்போம். நிஜத்தில் பெரிய பெரிய ஆட்டங்களே ஒரு விரல் கணக்கில்தான் முடிந்திருக்கின்றன. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் 24-27 என்று தோற்றது. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷைலஜா ஜெயின், நம் நாட்டுக்காரர்தான்! அடுத்த ஆசியப் போட்டி சீனாவில் ஹாங்சோவில் நடந்தது. 2023 அக்டோபர் 7 அன்று இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் சீன தைபேயை 26-25 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். அந்தப் போட்டியில் இந்தியாவின் 100-வது பதக்கம் அது. ஒரே ஒரு பாயின்ட். அந்த 26-இல் ஒரு தொடுதல் திரும்பி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம்மால் எல்லாம் அங்கே போக முடியுமா என்று கேட்காதீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று அடித்தார்கள். அந்த அணியின் துணை கேப்டன் கார்த்திகா, சென்னை கண்ணகி நகர். அதுவும் நம் ஊர் மாதிரி, சென்னையின் ஓரத்தில், ஊரின் பெயரைச் சொன்னாலே சிலர் முகம் சுளிக்கிற இடம்தான்.

தோற்ற அன்று வேனில் திரும்பி வரும்போது பொன்னேரி நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் நகரவே இல்லை. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா பத்தாவது. நம் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. இந்தப் பள்ளிச் சட்டையில் அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. வேன் கிளம்பினதும், "அந்த மொதல் விரல் பட்டுச்சு இல்ல?" என்று மட்டும் கேட்டார். "பட்டுச்சுக்கா" என்றேன். "நானும் பாத்தேன். எழுந்து நின்னுட்டேன், உள்ள வரலாம்னு."

இப்போது ரெய்டு போகும் முன்னால் கோட்டிலேயே நின்று மூன்றைப் பார்க்கிறேன். ஸ்கோர் என்ன, உள்ளே எத்தனை பேர், நேரம் எவ்வளவு. என்ன செய்யப் போகிறேன் என்பதைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே முடிவு பண்ணிவிடுகிறேன். அந்தப் பக்கம் போனால் மூச்சு வாங்கும், மூளை வேலை செய்யாது. நாம் பின்னால் இருந்தாலோ, நான்தான் உள்ளே கடைசி ஆளாக இருந்தாலோ பாயத்தான் வேண்டும், அப்போது பயந்தால் ஆகாது. முன்னால் இருந்தால் ஒரு விரல் பட்டதும் வீடு. பயிற்சியில் பி.டி. மிஸ் எனக்கென்றே ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார். ஒருத்தியைத் தொட்டதும் மற்ற ஆறு பேரும் கையை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிடுவார்கள், "வா, வா, தொடு" என்று. நான் போகக் கூடாது. முதல் வாரம் ஐந்து தடவையில் நாலு தடவை போய்விட்டேன். இப்போது ஐந்துக்கு ஒரு தடவை போகிறேன்.

அடுத்த வருஷம் நான் பத்தாவது. "பப்ளிக் எக்ஸாம் வருஷத்துல ஆட்டம் கீட்டம் கிடையாது" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். குறுவட்டம் ஆகஸ்டில் முடிந்துவிடும், பரீட்சை மார்ச்சில்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. வகுப்பு ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் நல்லா இருக்கும்.

மழைத் தண்ணீர் மைதானத்திலிருந்து வடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சி. புதிதாகச் சேர விரும்பும் 7, 8-ஆம் வகுப்புத் தங்கைகள் வரலாம். சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது, கோடு போட ஆளுக்கு ஒரு பிடி கோலமாவு கொண்டு வரவும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, கபடிக் குழு